2,000 பவுண்டில் கீட்ஸின் கடிதம் கிடைக்குமா?

இங்கிலாந்தில் வேலை பார்க்கும் ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "கல்லூரியில் படித்த நாளிலிருந்து ஆங்கிலக் கவிஞர்கள் கீட்ஸ், ஷெல்லி, பைரன் மீது பித்து. கையில் 2,000 பவுண்டு சேர்த்து வைத்திருக்கிறேன். இவர்கள் கைப்பட எழுதிய கடிதம் ஒன்றாவது வாங்கிவிட வேண்டும். கீட்ஸ் கிடைத்தால் நல்லது. எங்கே தேடுவது, போலியை எப்படிக் கண்டுபிடிப்பது?"

கீட்ஸ் கிடைக்காது. முதலிலேயே இதைச் சொல்லிவிட்டால் மற்றதை நிம்மதியாகப் பேசலாம்.

கீட்ஸ் இறந்தபோது வயது 25. ஊரறிந்த கவிஞராக இருக்கவில்லை, எனவே அவர் கடிதங்களைப் பத்திரப்படுத்தியவர்கள் நெருங்கிய சிலரே. தப்பியவற்றில் பெரும்பகுதி இன்று நூலகங்களுக்குள் போய்விட்டது. அமெரிக்கக் கவிஞர் ஏமி லோவெல் ஆயுள் முழுக்கச் சேர்த்ததை ஹார்வர்டுக்கு எழுதி வைத்துவிட்டுப் போனார். கீட்ஸ் தொடர்பான மிகப்பெரிய தொகுப்பு அந்தப் பல்கலைக்கழகத்தின் ஹவ்ட்டன் நூலகத்தில்தான் இருக்கிறது. வெளியே உலவும் மிச்சத்தில் ஒன்று 2011-இல் லண்டன் ஏலத்துக்கு வந்தது. 1820-இல், இரத்தம் கக்கிப் படுத்த படுக்கையாக இருந்தபோது, ஒரே கட்டடத்தின் மறுபாதியில் குடியிருந்த காதலி ஃபேனி பிரானுக்கு எழுதிய கடிதம். சுவருக்கு அந்தப்பக்கம் இருப்பவளுக்குக் கடிதம்! போன விலை 96,000 பவுண்டு. வாங்கியது லண்டன் மாநகர நிர்வாகம். எழுதப்பட்ட ஹாம்ஸ்டெட் வீட்டுக்கே அது திரும்பிப் போனது.

கீட்ஸ் தனக்கு எழுதிய கடிதங்களை ஃபேனி சாகும்வரை பூட்டியே வைத்திருந்தார். 1865-இல் அவர் இறந்த பிறகு பிள்ளைகள் வெளியே எடுத்தார்கள். 1878-இல் அச்சாயின, 1885-இல் சாதபிஸ் ஏலத்துக்குப் போயின. ஆஸ்கர் வைல்ட் அதைக் கண்டு கொதித்துப்போய் சானட் என்னும் பதினான்கு வரிக் கவிதையே எழுதினார். ஃபேனி கீட்ஸுக்கு எழுதிய பதில்கள்? கடைசி மாதங்களில் வந்தவற்றைப் பிரித்துப் படிக்கவே கீட்ஸுக்குத் தெம்பில்லை. பிரிக்காமலே ரோமில் அவரோடு புதைத்துவிட்டார்கள். அந்தக் காதலில் ஒரு பக்கக் குரல் மட்டுமே நமக்கு மிச்சம். ஆகவே "ஃபேனி கீட்ஸுக்கு எழுதிய காதல் கடிதம்" என்று யாராவது விற்க வந்தால் பர்ஸைத் திறக்காதீர்கள்.

இன்னொரு எச்சரிக்கையும் இதே வகைதான். கவிஞனுக்கு ஐயத்தோடு அமைதியாக இருக்கத் தெரிய வேண்டும் என்று 1817 டிசம்பரில் தம்பிகளுக்குக் கீட்ஸ் எழுதினாரே, பாடப்புத்தகம் எல்லாம் மேற்கோள் காட்டும் கடிதம், அதன் மூலம் இன்று இல்லை. கீட்ஸின் தம்பி மனைவியை மறுமணம் செய்த ஜான் ஜெஃப்ரி அமெரிக்காவில் பிரதியெடுத்து அனுப்பியதை வைத்துத்தான் நாம் படிக்கிறோம். புகழ்பெற்ற கடிதம் என்றால் மூலம் எங்கோ இருந்தாக வேண்டும் என்பதில்லை.

பைரன் கதை வேறு. எழுதிக் குவித்தவர் அவர். லெஸ்லி மார்ச்சண்ட் தொகுத்த கடிதங்களே ஏறக்குறைய 3,000. பன்னிரண்டு தொகுதிகள், அதற்கு மேல் ஓர் இணைப்பும். உயிரோடிருக்கும்போதே அவர் பெயர் ஊரெங்கும் ஒலித்ததால் துண்டுச் சீட்டைக்கூட யாரும் தூக்கிப் போடவில்லை. அதனால் பைரன் கடிதங்கள் அவ்வப்போது சந்தைக்கு வருகின்றன. விலை மட்டும் இறங்குவதில்லை. நண்பர் ஃபிரான்சிஸ் ஹாட்ஜ்சனுக்கு எழுதிய 15 கடிதங்கள் 2009-இல் 2,77,250 பவுண்டுக்குப் போயின. அவருடைய பதிப்பாளர் ஜான் மரேயின் ஆவணங்களை ஸ்காட்லாந்து தேசிய நூலகம் 2006-இல் 3.12 கோடி பவுண்டுக்கு வாங்கியது. அதே மரேயின் வீட்டுக் கணப்பில்தான், பைரன் இறந்த சேதி வந்த மூன்றே நாளில், 1824 மே 17 அன்று, அவருடைய தன்வரலாற்றுக் கையெழுத்துப் பிரதியை நண்பர்கள் கூடி நின்று எரித்தார்கள்.

அப்படியானால் உங்கள் 2,000 பவுண்டை என்ன செய்வது? நட்சத்திரத்தை விடுங்கள், கூட்டத்தைப் பிடியுங்கள். நான் இருபது வருடமாகச் செய்வது இதுதான். நிறையப் பேர் இதை ஏழையின் சமாதானம் என்று நினைக்கிறார்கள். நான் நினைக்கவில்லை.

அந்தக் காலத்தில் கீட்ஸைவிடப் பல மடங்கு புகழோடு இருந்தவர்கள் ராபர்ட் சதி, சாமுவேல் ரோஜர்ஸ், தாமஸ் மூர், தாமஸ் கேம்பல், ஃபெலிஷியா ஹெமன்ஸ், ஜோவானா பெய்லி, ஜேம்ஸ் மான்ட்கமரி. கீட்ஸின் முதல் கவிதையை அச்சிட்ட லீ ஹண்ட் இருக்கிறார். வங்கியில் கணக்கெழுதிக்கொண்டே கவிதை எழுதிய, குவேக்கர் என்னும் கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த பெர்னார்ட் பார்ட்டன் இருக்கிறார். பெரும்பாலோர் நீண்ட காலம் வாழ்ந்தவர்கள், ஓயாமல் கடிதம் எழுதியவர்கள். இவர்களின் சாதாரணக் கடிதங்கள் சில நூறு பவுண்டுக்குள் இன்றும் கிடைக்கின்றன. 2,000 பவுண்டில் ஐந்தாறு வாங்கி ஒரு பெட்டி தொடங்கிவிடலாம்.

இவர்களிடம்தான் அந்தக் காலம் அதிகம் தங்கியிருக்கிறது என்பது என் அபிப்பிராயம். 1813 முதல் 1843 வரை அரசவைக் கவிஞராக இருந்த ராபர்ட் சதிக்கு முகந்தெரியாதவர்கள் எல்லாம் தங்கள் கவிதைகளை அனுப்பினார்கள். அப்படி அனுப்பிய ஒரு பள்ளி ஆசிரியைக்கு 1837 மார்ச்சில் பதில் எழுதினார்: இலக்கியம் பெண்ணின் வாழ்க்கைத் தொழிலாக முடியாது, ஆகவும் கூடாது என்று. அந்தப் பெண் பின்னாளில் நாவலாசிரியையாகப் புகழ்பெற்ற சார்லட் பிரான்டி. அவர் கடிதத்தைக் கிழித்துப் போடவில்லை. மேலுறையில் "சதியின் அறிவுரை, என்றென்றைக்கும் வைத்திருக்க வேண்டியது" என்று எழுதித் தன் 21-ஆம் பிறந்தநாள் தேதியையும் போட்டு எடுத்து வைத்தார். பெறுபவர் உறையில் கிறுக்கிய ஒரு வரி உள்ளே இருக்கும் கடிதத்தையே வேறாக மாற்றிவிடுகிறது. எனவே வாங்கும்போது எழுதியவர் பெயரை மட்டும் பார்க்காதீர்கள். யாருக்குப் போனது, அவர் அதை என்ன செய்தார் என்பதையும் பாருங்கள்.

அதிர்ஷ்டம் இல்லாமலும் இல்லை. 1977-இல் கார்லைல் ஊரில் தபால்தலை வியாபாரி ஒருவர் பழைய காகிதக் கட்டு ஒன்றை 5 பவுண்டுக்கு வாங்கினார். உள்ளே இருந்தவை கவிஞர் வில்லியம் வேர்ட்ஸ்வொர்த்தும் மனைவி மேரியும் 1810, 1812 ஆண்டுகளில் பிரிந்திருந்தபோது எழுதிக்கொண்ட காதல் கடிதங்கள். சாதபிஸில் 38,500 பவுண்டுக்கு ஏலம் போயின. வாங்கியது அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகம். நாட்டைவிட்டுப் போகாமல் பிரிட்டிஷ் அரசு தடுக்க, கடைசியில் கிராஸ்மியரில் வேர்ட்ஸ்வொர்த் வாழ்ந்த வீட்டைப் பராமரிக்கும் அறக்கட்டளை அவற்றைப் பெற்றது. வேர்ட்ஸ்வொர்த்தைக் குளிர்ந்த மனிதராகவே எண்ணியிருந்தவர்கள் இவற்றைப் படித்துவிட்டு அசந்துபோனார்கள். (1813 முதல் அவர் செய்த அரசு வேலையின் பெயர் 'ஸ்டாம்பு விநியோகஸ்தர்'. தபால்தலை இல்லை, நம் பத்திர அலுவலக வாசல் ஸ்டாம்புதான். முத்திரை வரி வசூல் உத்தியோகம். அவர் கடிதத்தைத் தபால்தலைக்காரர் கண்டெடுத்தது சும்மா ஒரு பொருத்தம்.)

இப்படி ஒரு கட்டு உங்கள் கையில் சிக்கினால் தெரிய வேண்டுமே, அதற்குக் கடிதத்தைப் பொருளாகப் படிக்கப் பழக வேண்டும். 1840 ஜனவரி 10-க்கு முன் பிரிட்டனில் தபால் செலவைக் கொடுத்தவர் பெரும்பாலும் கடிதத்தைப் பெற்றவர். கட்டணம் தூரத்தைப் பொறுத்தது, தாள்களின் எண்ணிக்கையைப் பொறுத்தது. லண்டனிலிருந்து எடின்பரோவுக்கு ஒரு தாளுக்கே ஒரு ஷில்லிங்குக்கு மேல். இரண்டு தாள் என்றால் இரட்டிப்பு. உறையும் ஒரு தாளாகக் கணக்கானதால் உறையை யாரும் விரும்பவில்லை. பெரிய தாளை இரண்டாக மடித்து மூன்று பக்கம் எழுதி, நான்காம் பக்கம் வெளியே வரும்படி சுருட்டி மடித்து, அதில் முகவரி எழுதி அரக்கு வைப்பார்கள். இடம் போதாவிட்டால் தாளைத் திருப்பி, எழுதிய வரிகளின் மேலேயே குறுக்காக எழுதுவார்கள். கீட்ஸும் எழுதியிருக்கிறார். முதல் முறை பார்த்தால் கோரைப்பாய் பின்னியது போல இருக்கும். கண் பழகப்பழக ஒரு திசை மட்டும் தெரியத் தொடங்கும்.

ஆக 1819 தேதியிட்ட கடிதம் பசை தடவிய உறையோடு வந்தால் உறையாவது பொய், கடிதமாவது பொய். அரக்கைப் பிரிக்கும்போது எதிர்ப்பக்கத்தில் தாள் கிழிந்து இரண்டு மூன்று சொல் போயிருக்கும். அந்த ஓட்டை இருந்தால் சந்தோஷப்படுங்கள். தபால் முத்திரையில் உள்ள நாளும் உள்ளே எழுதிய நாளும் ஒத்துப்போகிறதா, முகவரிப் பக்கத்தின் அழுக்கு மடிப்போடு பொருந்துகிறதா என்று பாருங்கள். ஓர மடிப்புகளை விரித்துவிட்டால் அழுக்குப்பட்ட கட்டமும் சுத்தமான கட்டமும் சதுரங்கப் பலகை மாதிரி தெரிய வேண்டும்.

அந்தக் காலத்தில் நாடாளுமன்ற உறுப்பினர்களும் பிரபுக்களும் இலவசமாக அனுப்ப முடிந்தது, நாளுக்கு 10 கடிதம் வரை. முகவரியைத் தங்கள் கையாலேயே முழுக்க எழுதி, ஊரும் தேதியும் குறித்து, இடது கீழ் மூலையில் கையெழுத்திட வேண்டியிருந்தது. சேகரிப்பவர்கள் இதை 'ஃபிராங்க்' என்பார்கள். பைரன் பிரபு என்பதால் அவருக்கும் அந்த உரிமை இருந்தது. விக்டோரியா காலத்தில் முகவரிப் பக்கத்தை மட்டும் வெட்டி ஆல்பத்தில் ஒட்டும் மோகம் பரவியது. எத்தனை கடிதங்கள் இப்படித் தலை வெட்டப்பட்டனவோ. வெட்டிய கையெழுத்துத் துண்டுகள் மலிவாகக் கிடைக்கும். எனக்குப் பிடிக்காது, உங்களுக்கும் சிபாரிசு செய்யமாட்டேன். கீட்ஸ் படித்த பள்ளியின் தலைமையாசிரியர் மகனும் நண்பருமான சார்லஸ் கௌடன் கிளார்க்கே கீட்ஸின் ஒரு கவிதைக் கையெழுத்துப் பிரதியைத் துண்டு துண்டாக வெட்டி, கேட்டவர்களுக்கு எல்லாம் பிரசாதம் போலக் கொடுத்தார். அதில் ஒரு துண்டு 2013-இல் 1,81,250 பவுண்டுக்கு விற்றது.

மையும் தாளும். அவர்கள் எழுதிய மை நமக்கு அந்நியமில்லை. கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்துக் காய்ச்சுவோமே, அதே இனம். அங்கே கடுக்காய்க்குப் பதில் ஓக் மரத்து மாசிக்காய். எழுதும்போது வெளிறியிருக்கும், காற்றுப் பட்டுக் கறுக்கும், நூற்றாண்டு கழித்துப் பழுப்பாகும். அழுத்தி எழுதிய இடத்தில் தாளையே அரித்து மறுபக்கம் தெரியும். பழைய தாளில் இன்று எழுதினால் மை நூல்நூலாகப் பரவும், ஏனென்றால் தாளின் மேற்பூச்சு வலுவிழந்திருக்கும். மடிப்பு வெடிப்புக்குள் மை இறங்கியிருந்தால் மடிந்து பழசான பிறகே எழுதப்பட்டது என்று பொருள். தாள் கந்தல் துணியில் செய்தது; வெளிச்சத்தில் பிடித்தால் நீர்க்குறி தெரியும். 1794-க்குப் பிறகு ஏற்றுமதித் தாளுக்கு வரிச்சலுகை பெற ஆண்டைக் குறிக்கவேண்டி வந்ததால் ஆங்கிலத் தாள்களில் ஆண்டு எண்ணே அடிக்கடி இருக்கும். 1815 என்று தேதியிட்ட கடிதத்தில் 1821 என்று நீர்க்குறி இருந்தால் வீட்டுக்குப் போய்விடலாம். புற ஊதா விளக்கில் தாள் நீலமாகப் பளிச்சிட்டால் அது இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பிந்திய தாள்.

ஆனால் மேலே சொன்ன சோதனை எல்லாவற்றையும் தாண்டிய போலிகள் உண்டு. போலிக்காரர்களுக்குப் பழைய புத்தகத்தின் வெற்றுத் தாளை உருவிக்கொள்ளத் தெரியும். எடின்பரோவில் 'ஆன்டிக்' ஸ்மித் என்று பேர்பெற்ற அலெக்சாண்டர் ஹவ்லண்ட் ஸ்மித் அப்படித்தான் ராபர்ட் பர்ன்ஸ், வால்டர் ஸ்காட் கடிதங்களைத் தயாரித்துத் தள்ளி, 1893-இல் ஓராண்டு சிறை போனார். அவருக்கும் முன்னால் பெரிய ஆள் ஒருவர் இருந்தார். தன்னை பைரனுக்கு ரகசியமாகப் பிறந்த மகன் என்று சொல்லிக்கொண்டு 'மேஜர் பைரன்' என்று உலவினார். அவர் உண்டாக்கிய கடிதங்கள் புத்தக வியாபாரிகள் வழியாகச் சந்தைக்கு வந்தன. ஜான் மரே பைரன் கடிதங்களை வாங்கினார். பதிப்பாளர் எட்வர்ட் மாக்ஸன் ஷெல்லி கடிதங்களை வாங்கி, கவிஞர் பிரவுனிங்கிடம் முன்னுரையும் எழுதி வாங்கி, 1852-இல் நூலாகவே போட்டுவிட்டார். ஒரு பிரதி கவிஞர் டென்னிசன் வீட்டுக்குப் போனது. அங்கே புரட்டிக்கொண்டிருந்த ஃபிரான்சிஸ் பால்கிரேவுக்கு ஒரு பத்தி எங்கோ படித்த மாதிரி இருந்தது. தன் அப்பா ஒரு பத்திரிகையில் எழுதிய கட்டுரையிலிருந்து அப்படியே எடுத்தது! நூல் திரும்பப் பெறப்பட்டது. பிரவுனிங் முன்னுரை மட்டும் இன்றும் படிக்கப்படுகிறது; அது முன்னிறுத்திய கடிதங்கள் போலி.

கவனியுங்கள், கையெழுத்தை வைத்துப் பிடிபடவில்லை, சரக்கை வைத்துப் பிடிபட்டது. கவிஞர் கடிதம் என்றால் தத்துவமும் நிலவும் பொங்க வேண்டும் என்று போலிக்காரர் நினைக்கிறார், அதற்கு அச்சில் உள்ளதைத் திருட வேண்டியிருக்கிறது. அசல் கடிதம் பெரும்பாலும் அலுப்பாக இருக்கும். கோச்சு வண்டி தாமதம், பதிப்பாளர் பணம் அனுப்பவில்லை, மருமகளுக்குப் பல்வலி. சந்தையில் கவித்துவமான கடிதம் மலிவாகக் கிடைத்தால் எனக்கு வயிற்றைப் பிசையும். பல்வலிக் கடிதம் என்றால் நம்பிக்கை வரும்.

இதே வியாபாரத்தில் ஒரு கேலிக்கூத்தும் உண்டு. கீட்ஸின் காதல் கடிதங்களை 1878-இல் பதிப்பித்த ஹேரி பக்ஸ்டன் ஃபோர்மன், பகலில் தபால் துறை அதிகாரி. அவரும் நூல் சேகரிப்பாளர் தாமஸ் வைஸும் சேர்ந்து கவிஞர்களின் அரிய முதல் அச்சுப் பிரசுரங்கள் என்று போலிகளை அச்சடித்து உலவவிட்டிருந்தார்கள். 1934-இல் இரண்டு இளம் புத்தக வியாபாரிகள் அந்தப் பிரசுரங்களின் தாளை ஆராய்ந்தபோது, அட்டையில் போட்ட ஆண்டில் இங்கிலாந்தில் புழக்கத்திலேயே இல்லாத எஸ்பார்ட்டோ புல் நாரும் மரக்கூழும் அதில் இருந்தன. வைஸ் அம்பலமானார். ஃபோர்மனின் பங்கு பிறகு தெரியவந்தது, அதற்குள் அவர் இறந்துவிட்டிருந்தார்.

நானும் ஏமாந்திருக்கிறேன். தொடக்கத்தில் ஒரு ஊர்ச்சந்தையில் பைரன் கடிதம் என்று 180 பவுண்டு கொடுத்து வாங்கினேன். வெனிஸ், 1819 ஏப்ரல் 27, பாரிஸ் பதிப்பாளர் கலின்யானிக்கு எழுதியது. வீட்டுக்கு வந்து படித்தால் வாசகமும் அசல், கையெழுத்தும் அசல். தாள் மட்டும் அசல் இல்லை! கலின்யானி வெளியிட்ட பைரன் தொகுப்பில் இணைத்த நகல் அச்சு அது, புத்தகத்திலிருந்து உருவியது. பூதக்கண்ணாடி வைத்திருந்தால் அங்கேயே தெரிந்திருக்கும். இறகால் எழுதினால் கோடு இறங்கும் முனையில் மை தேங்கும், மை தீரும்போது வெளிறும், மறுபடி தொட்டதும் கறுக்கும். அச்சில் முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை ஒரே அடர்த்தி. விற்றவரைக் குறை சொல்லி என்ன, வாங்கும் ஆசையில் கண்ணாடியை எடுக்காதது நான். இந்த நகல் இன்றும் அசலாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது, தேதியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வேர்ட்ஸ்வொர்த் வாங்குவதானால் இன்னொன்று. அவருக்குக் கண் நோய்; எழுதவும் சோம்பல். மனைவி, தங்கை, மகள் என்று வீட்டுப் பெண்கள் எழுத, இவர் கீழே கையெழுத்துப் போட்ட கடிதங்கள் ஏராளம். பட்டியலில் 'கைப்பட எழுதிக் கையொப்பமிட்டது' என்றிருப்பதும் 'கையொப்பமிட்டது' என்றிருப்பதும் ஒன்றல்ல. விலையிலும் பெரிய வித்தியாசம்.

ஏலத்தில் வாங்கினால் சுத்தியல் விழுந்த தொகைக்கு மேல் ஏறத்தாழ கால் பங்கு கமிஷன் சேரும். 2,000 வைத்திருப்பவர் 1,500-க்கு மேல் கை தூக்கக் கூடாது. நெடுநாள் தொழிலில் இருக்கும் வியாபாரியிடம் வாங்கினால் விலை கூடும், ஆனால் போலி என்று தெரிந்தால் பணம் திரும்பும் என்று எழுதித் தருவார். முதல் இரண்டு மூன்று கடிதத்துக்கு அந்தக் காப்பு தேவை. எந்தக் கை மாறி வந்தது என்பதற்குப் பழைய ஏலப் பட்டியல், ரசீது, ஆல்பம் பக்கம் ஏதாவது கேளுங்கள். வாங்குவதற்கு முன் அச்சிட்ட கடிதத் தொகுப்பில் தேடுங்கள். சதியின் கடிதங்களை இணையத்திலேயே முழுமையாகப் பதிப்பித்து வருகிறார்கள். மூலம் எந்த நூலகத்தில் என்றும் குறித்திருக்கும். அங்கே நூலகப் பெயர் இருந்து, உங்கள் முன் அதே கடிதம் இருந்தால், ஒன்று நகல் அல்லது களவு.

வாங்கிய பிறகு தாள் உங்களுடையது, சொற்கள் உங்களுடையவை அல்ல. 1741-இல் கவிஞர் அலெக்சாண்டர் போப் தன் கடிதங்களைக் கேளாமல் அச்சிட்ட எட்மண்ட் கர்ல் மீது தொடுத்த வழக்கிலேயே இது தீர்ப்பாகிவிட்டது. இதுவரை அச்சேறாத பழைய கடிதங்களுக்கு பிரிட்டனில் பதிப்புரிமை 2039 முடியும்வரை நீடிக்கிறது, எழுதியவர் இருநூறு வருடத்துக்கு முன் இறந்திருந்தாலும். அச்சேறாத கடிதம் கையில் கிடைத்தால் முதலில் அந்தக் கவிஞரின் தொகுப்பாசிரியர்களுக்குத் தெரிவியுங்கள். ஊர் திரும்பும்போது கூடவே எடுத்துப் போகும் எண்ணமிருந்தால், 50 ஆண்டு கடந்த கையெழுத்துப் பிரதிக்கு ஏற்றுமதி உரிமம் வேண்டும். இந்தியச் சட்டத்தில் 75 ஆண்டு கடந்த இலக்கியக் கையெழுத்துப் பிரதி தொல்பொருள் கணக்கில் வரும். உள்ளே போனது மறுபடி வெளியே விற்பனைக்கு வருவது லேசல்ல, முன்கூட்டியே வழக்கறிஞரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

கடிதத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டாதீர்கள், வெயிலில் பழுப்பு மை காணாமல் போகும். செல்லோடேப் தொடக் கூடாது. அமிலமில்லாத அட்டைக்குள் பாலியஸ்டர் உறை, மடிக்காமல் விரித்தபடி, பெட்டிக்குள். லேமினேஷன் செய்து கொடுக்கிறேன் என்று யாராவது சொன்னால் ஓடுங்கள்.

என் பெட்டியில் எனக்கு மிகப் பிடித்தது ரோஜர்ஸ் எழுதிய நான்கு வரிச் சீட்டு. லண்டனில் அவர் வீட்டுக் காலைச் சிற்றுண்டி பிரசித்தம், பைரன் காலத்திலிருந்து கவிஞர்கள் வந்து போன மேசை அது. சீட்டில் இருப்பது, செவ்வாய் காலை பத்து மணிக்கு வர முடியுமா என்ற கேள்வி மட்டும். ஆண்டு இல்லை, பெறுபவர் பெயரும் இல்லை. நீர்க்குறியில் 1829 இருக்கிறது, ஆகவே அதற்குப் பிந்தியது. வந்தாரா, யார் அவர் என்று பன்னிரண்டு வருடமாகத் தேடிக்கொண்டிருக்கிறேன். விலை 140 பவுண்டு.

விற்பவர் முன்பக்கப் படத்தை மட்டும் அனுப்பினால் பின்பக்கத்தையும், வெளிச்சத்தில் பிடித்த ஒன்றையும் கேட்டு வாங்குங்கள். மூன்றும் வந்த பிறகு எனக்கு அனுப்பினால் பார்த்துச் சொல்கிறேன்.